ஊசி நின்ற பக்கம்

கையில் இரண்டு துணித்துண்டுகளை வைத்துக்கொண்டு அவர் உள்ளறை வாசலில் வந்து நின்றார். வழக்கமாகச் செய்வதுதான். நூலின் நிறத்தில் சந்தேகம் வந்துவிட்டால், வெட்டிப்போட்ட துண்டில் நாலு விரல் நீளத்துக்கு ஓட்டிப் பார்த்து, அதைக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டுவார்.

"இதுல எது? பழுத்த இலைக்கு."

அவள் இஸ்திரி மேஜை முன்னால் நின்றிருந்தாள். பசைத்தாள் வைத்த இலைகளைத் துணியின்மேல் பரப்பி, பெட்டியை அழுத்திப் பிடித்திருந்த நேரம். அந்த நேரத்தில் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் பசை பாதி பிடிக்கும், பாதி கொப்புளம் போல எழும்பி நிற்கும். திரும்பாமலே சொன்னாள்.

"கடைசியில உங்களுக்குப் பிடிச்சதைத்தான் போடப் போறீங்க. அதுக்கு எதுக்கு இந்த ஊர்வலம்?"

"செக்கிங் மேடம் பாஸ் பண்ணாம இந்த வீட்டுக்குள்ள ஒரு நூல் வந்துருக்கா?"

"பாஸ், பாஸ். போங்க."

அவர் சிரித்தார். பச்சை நூலும் முடியப்போகிறது, கடைக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்றார். செருப்பைக் காலால் துழாவுகிற சத்தம் கேட்டது. வாசல் கதவு சாத்திக்கொண்டது.

நூல்கடையில் பெஞ்சு ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாராம். தண்ணீர் வருவதற்குள் சுவரில் சாய்ந்துவிட்டார். கடைக்காரர் கடையைத் திறந்தது திறந்தபடியே விட்டுவிட்டு ஓடிவந்து சொன்னார். "மாஸ்டர்... மாஸ்டர்..." என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றார்.

மாஸ்டரும் அவளும் ஒரே துணிக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அவர் ஜிக்ஜாக் மெஷின். அவள் செக்கிங். தைத்து வந்த துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, விட்டுப்போன தையல், இழுத்த நூல், கோணிய ஓரம் எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் குறி வைத்துத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. அவர் தைத்ததையும் எத்தனையோ தடவை திருப்பி அனுப்பியிருக்கிறாள். "இவ கண்ணுக்குத் தப்பிச்சு பாஸான ஒரே டேமேஜ் பீஸ் நான்தான்" என்று கல்யாணத்துக்குப் பிறகு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு இருவரும் கம்பெனியை விட்டு வெளியே வந்து, முன்னறையில் ஒரு ஜிக்ஜாக் மெஷினைப் போட்டு அப்ளிக் வேலை செய்ய ஆரம்பித்தார்கள். ஒரு துணியின்மேல் வேறு நிறத் துணியைப் பூவாக, மீனாக, இலையாக வெட்டி ஒட்டி, அதன் ஓரத்தை நெருக்கமான தையலால் சுற்றிக் கட்டுகிற வேலை. குழந்தைகளின் போர்வை, மெத்தை உறை, பள்ளிக்கூடக் கொடி, மேடைத் திரை என்று வந்துகொண்டிருந்தது.

வேலையை மூன்று பேர் பங்கு போட்டிருந்தார்கள். வெட்டுவது மாஸ்டரின் தங்கை. புருஷன் வீட்டிலிருந்து வந்துவிட்டவள். பல வருஷமாக அண்ணன் வீட்டில்தான். கையும் வாயும் ஒரே வேகத்தில் வெட்டும் என்பதால் மாஸ்டர் அவளுக்குக் கத்திரி என்று பெயர் வைத்தார். தெருவே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. கத்திரி வெட்டிக் கொடுப்பாள். இவள் ஒட்டி இஸ்திரி போடுவாள். அவர் தைப்பார். தைத்து முடித்ததும் பின்பக்கத்து நூல்முனைகளைப் பெண்கள் இருவரும் சேர்ந்து முடிச்சிடுவார்கள்.

கடைசியாக மெஷினில் இருந்தது ஒரு பள்ளிக்கூடத்து மேடைத் திரை. கருநீலத்தில் கனத்த துணி. நடுவில் ஒரு மரம். கிளை முழுக்க இலைகள், ஒவ்வொரு இலைக்கும் ஒவ்வொரு துணி. கோடு போட்டது, புள்ளி போட்டது, பழைய சட்டையில் மிஞ்சியது, எல்லாம். தைத்த பாதி மெஷினுக்கு இந்தப் பக்கம் சரிந்து கிடந்தது. தைக்காத பாதி அந்தப் பக்கம். யோசனை வந்துவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு எழுந்து வருகிற ஆள் அவர். ஓர் இலையின் பாதி ஓரத்தில் ஊசியை இறக்கி வைத்துவிட்டுத்தான் நிறம் கேட்க வந்திருந்தார்.

அவர் உடலைக் கொண்டுவந்தபோது முன்னறையில் இடம் வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்து ஆண்கள் மெஷினை மேஜையோடு தூக்கி ஜன்னலோரம் வைத்தார்கள். யாரோ ஒரு போர்வையைப் போட்டு மூடினார்கள். அவள் உள்ளறையில் சுவரோடு உட்கார்ந்திருந்தாள். அதெல்லாம் அவளுக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வாங்கி வைத்த நாற்காலிகளும் திரும்பிப் போன பிறகு ஒரு காலையில்தான் அவள் மெஷின் பக்கம் போனாள். போர்வையின் ஒரு முனையைத் தூக்கினாள். துணி அப்படியே இருந்தது. ஊசி துணிக்குள் இறங்கி நின்றது. அதைப் பார்த்ததும் மனசுக்குள் சின்னதாக ஓர் ஆறுதல் வந்தது. குனிந்து இன்னும் கிட்டத்தில் பார்த்தாள். அந்த ஆறுதல் போய்விட்டது.

இலையின் வெளிவளைவு அது. வயிறு புடைத்து வெளியே வளைகிற இடம். அங்கே தையலை நிறுத்தித் துணியைத் திருப்ப வேண்டுமென்றால், ஊசி இலைக்கு வெளியே, நீலத் துணியில் குத்தி நிற்க வேண்டும். அப்போதுதான் திருப்பும்போது தையல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கமாக விழும். உள்ளே நிறுத்தித் திருப்பினால் விசிறி மாதிரி விரிந்து நடுவில் பல்லிளிக்கும். உள்வளைவுக்கு இதற்கு நேர்மாறு. புதிதாகப் பழகுகிறவர்கள் தப்பு செய்கிற இடம் இதுதான். கம்பெனியில் அவள் அதிகமாகக் குறி வைத்துத் திருப்பி அனுப்பியதும் இதற்காகத்தான். மாஸ்டரிடம் மட்டும் அந்தத் தப்பு வந்ததே இல்லை. பேசிக்கொண்டிருந்தாலும் சரி, கொட்டாவி விட்டாலும் சரி, வெளிவளைவில் அவர் ஊசி வெளியேதான் நிற்கும். கால் தானாக அப்படி நிறுத்தும்.

இப்போது அது உள்ளே நின்றது. இலையின் சதையில்.

அவள் போர்வையை இழுத்து மூடினாள். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் வைத்தாள். கொதித்தது தெரியவில்லை.

அவருக்கு அப்போதே ஏதோ செய்திருக்கிறது. காலோ கையோ கண்ணோ. தன் நிதானத்தில் இருந்த மனிதர் அங்கே நிறுத்தியிருக்க மாட்டார். தெரிந்துதான் எழுந்து வந்திருக்கிறார். துணித்துண்டு ஒரு சாக்கு. வாசலில் நின்றது நிறம் கேட்பதற்காக இல்லை. இவள் திரும்பி முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆயிரம் பேர் தைத்ததில் குற்றம் கண்டுபிடித்த கண், அந்த ஒரு தடவை இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாரடைப்பு திடீரென்று வருவதுதான், முன்கூட்டித் தெரிந்திருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வந்தவர்கள் எல்லாரும் அதையே சொல்லித் தேற்றினார்கள். அவளும் தலையாட்டினாள். ஊசி உள்ளே நிற்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால், பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. மெஷினை யாரும் தொடக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

மழை பிடித்துக்கொண்டது. சுவர் பிசுபிசுத்தது. கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் ஈரத்தோடு கிடந்தது.

"அண்ணி, ஊசி துரு ஏறிடும்" என்றாள் கத்திரி. தரையில் கால் நீட்டி உட்கார்ந்து மிச்ச இலைகளை வெட்டிக்கொண்டிருந்தாள். யாரும் தைக்கப்போவதில்லை என்று தெரிந்தும் அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை. "துணியில துருப் புள்ளி விழுந்தா எந்த சோப்புக்கும் போகாது. நீங்களே சொல்லுவீங்க."

"விழட்டும்."

"நான் வேணா எடுத்து..."

"தொடாதேன்னு சொன்னேன்ல?"

கத்திரி வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடியதும் அது வேறு யாருடைய வீடோ போல இருந்தது. முன்பெல்லாம் அண்ணனும் தங்கையும் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திச் சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள். இலை கோணல் என்பார் அவர். உன் கண் கோணல் என்பாள் தங்கை.

மாஸ்டர் மனைவியின் அண்ணன் ஒரு நாள் மழையோடு வந்து இறங்கினார். லாரி ஓட்டுகிறவர். வருஷக்கணக்காக இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். வீட்டுக்குள்ளும் அதே குரல்தான். தலையைத் துவட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"இங்க பாரும்மா. நான் சுத்தி வளைச்சுப் பேச வரல. வண்டி ஞாயித்துக்கிழமை காலியா வருது. சாமானை ஏத்திட்டுக் கிளம்புவோம். உனக்கு மாடில ரூம் கிடக்கு. உங்க அண்ணி பெயின்ட்டெல்லாம் அடிச்சு வச்சுட்டா."

"எதுக்குண்ணே அவசரம்?"

"அவசரம் இல்லாம? ஒண்டியா இருந்து என்ன பண்ணப்போற? இந்த மெஷினைப் பாத்துப் பாத்து அழுதுட்டு இருக்கவா? அதை ஒரு போர்வையப் போட்டு மூடி, யாரும் தொடக் கூடாதுன்னு காவல் காக்கறியாம். நூல்கடைக்காரர் சொல்றாரு."

"நான் ஒண்டியா இல்ல."

அண்ணன் கத்திரியைப் பார்த்தார். குரலைக் கொஞ்சம் இறக்கினார். அது அவருக்குச் சரியாக வரவில்லை. "அந்தப் பிள்ளைக்கும் ஏதாவது வழி பண்ணுவோம். அவங்க பக்கத்துச் சொந்தம் யாராவது இல்லாமலா போயிருவாங்க?"

"எனக்கு இருந்த ஒரு சொந்தம் கடைக்குப் போச்சு மாமா" என்றாள் கத்திரி, வெட்டுகிற கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அண்ணன் டீயை எடுத்துக் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"இதுல சர்க்கரை போட்டீங்களா இல்ல காட்டிட்டு எடுத்துட்டீங்களா?"

கத்திரி எழுந்து போய் சர்க்கரை டப்பாவையே கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "உங்க அளவு உங்களுக்குத்தான் தெரியும். நாங்க லாரியில கொட்டற ஆளுங்க இல்ல." அண்ணன் சிரித்துவிட்டார். சாவு வீட்டில் சிரித்துவிட்டோமே என்று உடனே நிறுத்தியும் விட்டார்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து நாடக டீச்சர் வந்தார். வாசலில் குடையை மடக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் அவஸ்தைப்பட்டார். உள்ளே வந்து உட்கார்ந்தார். மாஸ்டரைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். அதில் பொய் இல்லை. பிறகு கையைப் பிசைந்தார்.

"கேக்கவே கூச்சமா இருக்கும்மா. விழா நெருங்கிடுச்சு. பிள்ளைங்க தினமும் கேக்குதுங்க, மரம் எப்ப வரும், மரம் எப்ப வரும்னு. நீங்க இருக்கற நிலைமையில உங்களைத் தொந்தரவு பண்றது நியாயம் இல்ல. அதனால இருக்கறது இருக்கற மாதிரி கொடுத்துட்டீங்கன்னா, வேற டெய்லர்கிட்ட முடிச்சுக்குவேன்."

"தாராளமா எடுத்துக்கட்டும்" என்றார் அண்ணன். "அதுவும் ஒரு பாரம் குறைஞ்சுது. நாளைக்குக் காலைல ஆளை அனுப்புங்க டீச்சர். நானே நின்னு எடுத்துக் கொடுக்கறேன்."

"நாளைக்கா?" என்றாள் அவள்.

"பின்ன? துணியை மெஷின்லயே மாட்டி வச்சு என்ன செய்யப்போற?"

யாரோ ஓர் ஆள் வந்து, சக்கரத்தைச் சுற்றி, ஊசியை மேலே எடுப்பான். துணியை உருவுவான். உள்ளே நின்ற ஊசிக்கு அதற்குப் பிறகு சாட்சி இருக்காது. அவர் சொல்ல வந்ததும் சொல்லாமல் போனதும் அந்த ஒரு துளையில்தான் இருக்கிறது என்று அவள் நம்பியிருந்தாள். கேட்காமல் விட்டதற்குத் தண்டனையாக அதையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று. அது போனால் இந்த வீட்டில் இருக்கவும் காரணம் இல்லை. போய்விடலாம்தான். மாடி ரூமில் பெயின்ட் வாசனை அடிக்கும்.

"சரி" என்றாள்.

கத்திரியின் கத்திரிக்கோல் நின்றது.

டீச்சர் போன பிறகு அண்ணன் மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார். லாரிக்காரர் பார்க்கிற பார்வை. எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது, எங்கே கயிறு கட்டுவது என்று கணக்குப் போடுகிற பார்வை.

"இதை இப்பவே கொஞ்சம் வாசப்பக்கம் நகர்த்தி வச்சிரலாமா? காலைல சுலபமா இருக்கும்."

"சும்மா இழுக்காதீங்க மாமா" என்றாள் கத்திரி. "இப்படித்தான் அன்னைக்கும் நாலு பேரு தடதடன்னு தூக்க வந்தாங்க. துணி ஒரு பக்கம் தரையில கிடக்கு, ஊசி இன்னொரு பக்கம் துணிக்குள்ள. தூக்குன வேகத்துல ஊசி ஒடிஞ்சு, துணியும் கிழிஞ்சிருக்கும். நல்லவேளை நான் பாத்தேன். இருங்கடான்னு கத்தி, சக்கரத்தைச் சுத்தி ஊசியை எடுத்துவிட்டு, துணியை அள்ளி மேஜை மேல வச்ச பெறகுதான் தூக்க விட்டேன்."

அவள் அடுப்படியில் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"என்ன சொன்ன?"

"அன்னைக்கு, அண்ணி. இடம் ஒதுக்குனப்ப."

"ஊசியை எடுத்தியா?"

கத்திரிக்கு முகம் வெளுத்தது. "எடுத்துட்டு, இங்க கொண்டாந்து வச்சதும் மறுபடி இறக்கிட்டேனே. ஊசியை மேல நிறுத்திட்டு எழுந்திரிக்கக் கூடாது, துணி வழுக்கிரும்னு அண்ணன் திட்டும்ல? அதே இடத்துலதான் இறக்குனேன். துணி அசையவே இல்ல. மெஷின் கால் துணியை அழுத்தித்தான் இருந்துச்சு."

அவள் ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"எந்தப் பக்கம் சுத்துன? முன்னாடியா, திருப்பியா?"

"முன்னாடிதான். பின்னாடி சுத்துனா நூல் சிக்கும்ல?"

"எவ்வளவு?"

"இது என்ன கேள்வி? மேல வர அரைச் சுத்து. கீழ இறங்க அரைச் சுத்து. மொத்தமா ஒண்ணு." கத்திரி வெட்டுகிறவள். மெஷினில் உட்கார்ந்ததே கிடையாது. நேர்த்தையல் மெஷினாக இருந்தால் அவள் சொன்னது சரி. ஊசி எடுத்த இடத்திலேயே திரும்ப இறங்கியிருக்கும்.

ஜிக்ஜாக் மெஷின் அப்படி இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஊசி பக்கம் மாறும். வெளியே இருந்தது மேலே போய் இறங்கினால் உள்ளேதான் இறங்கும்.

அவள் போர்வையை முழுசாக உருவி எறிந்தாள். அண்ணன் ஒதுங்கிக்கொண்டார். "டார்ச் எடு" என்றாள். கத்திரி ஓடிப்போய் எடுத்து வந்து பிடித்தாள். அவள் மெஷின்மேல் கவிழ்ந்து, ஒரு கண்ணை மூடி, கம்பெனியில் பார்த்த மாதிரி பார்த்தாள். தையல் வரிசை சீராக வந்தது. வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே. ஒரே இறுக்கம், ஒரே நெருக்கம். கடைசியாக ஒன்று மட்டும் தளர்ந்து கிடந்தது. மெஷின் ஓட்டத்தில் விழுந்தது இல்லை. கையால் சுற்றி விழுந்தது. அதற்கு முந்திய துளை இலைக்கு வெளியே, நீலத் துணியில், எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது.

"என்ன அண்ணி? கெடுத்துட்டேனா?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுகிறாள் என்று அண்ணன் நினைத்தார், தோளைத் தொட்டார். அழத்தான் செய்தாள். ஆனால் இத்தனை நாள் அழுத அழுகை இல்லை அது.

"அவர் நல்லாத்தான் இருந்திருக்காரு" என்றாள். "எழுந்து வரும்போது நல்லாத்தான் இருந்திருக்காரு."

"அதைத்தானேம்மா டாக்டரும் சொன்னாரு" என்றார் அண்ணன், ஒன்றும் புரியாமல்.

நிறம் கேட்கத்தான் வந்திருக்கிறார். நிறத்தைத் தவிர வேறு எதுவும் அவர் மனதில் இல்லை. அதில் ஒரு நிம்மதி இருந்தது. கூடவே ஓர் இழப்பும் இருந்தது என்பது அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. ஊசி வழியாக அவர் தன்னிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்திருந்தாள். அது வலித்தாலும் அவளிடம் சொன்னதாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை. எதுவும் சொல்லாமல், சொல்ல எதுவும் இல்லாமல், பச்சை நூல் வாங்கப் போனவர் போய்விட்டார்.

கத்திரி இன்னும் டார்ச்சைப் பிடித்தபடியே நின்றாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. வெளிவளைவு, உள்வளைவு, வாசலில் நின்றது, திரும்பாமல் பேசியது, எல்லாம். கேட்டு முடித்ததும் கத்திரி பட்டென்று கேட்டாள்:

"இத்தனை நாளா இதை உள்ளயே வச்சுட்டு இருந்தீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்ல? உங்களுக்கு ஊரெல்லாம் செக்கிங் பண்ணத் தெரியும். கூட இருக்கறவகிட்ட கேக்கத் தெரியாது."

"தெரியலதான்."

"நானும் ஒருத்தி இருக்கேன் அண்ணி. எனக்கும் அண்ணன்தான் அது."

அவள் கத்திரியின் கையிலிருந்து டார்ச்சை வாங்கி அணைத்தாள். அந்தக் கையை விடவில்லை.

மறுநாள் காலை டீச்சர் அனுப்பிய ஆள் வந்தபோது அண்ணன்தான் வாசலில் நின்று பேசினார். "திரை இங்கயே முடியும்னு டீச்சர்கிட்ட சொல்லுங்க" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. பிறகு உள்ளே திரும்பி, "ஞாயித்துக்கிழமை வண்டி காலியாத்தான் போகப்போகுதுன்னு நினைக்கிறேன்" என்றார். "பெயின்ட் அடிச்சவகிட்ட நான் என்னத்தைச் சொல்ல?"

"விழாவுக்கு அண்ணியைக் கூட்டிட்டு வாங்க" என்றாள் அவள். "மரத்தைப் பாத்துட்டுப் போகட்டும்."

அவள் மெஷினில் உட்கார்ந்தாள். ஸ்டூல் அவர் உயரத்துக்கு இருந்தது. அதை மாற்றவில்லை, நுனியில் உட்கார்ந்து காலை எட்டவைத்தாள். கத்திரி எதிரில் நின்று திரையின் கனத்தை இரு கையாலும் ஏந்திக்கொண்டாள். தொங்கவிட்டால் துணி இழுத்து ஊசியை வளைத்துவிடும்.

"நான் இறக்குன அந்த ஒரு தையல். அதைப் பிரிச்சிரவா?"

அவள் குனிந்து பார்த்தாள். தளர்ந்திருந்தது. ஆனால் விழ வேண்டிய இடத்தில்தான் விழுந்திருந்தது.

"பாஸ்" என்றாள்.

ஊசியில் லேசாகத் துரு பிடித்திருந்தது. அதைக் கழற்றி வேறு ஊசி போட்டாள். துணியில் தவிட்டு நிறத்தில் ஒரு துருப் புள்ளி விழுந்திருந்தது. அடுத்த தையல் அதன்மேல் ஏறி மூடிவிடும். சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை இலைக்கு வெளியே இறக்கினாள். மெஷின் காலைத் தூக்கினாள்.

"திருப்பு."

கத்திரி திருப்பினாள்.

"அய்யோ, இவ்வளவு இல்ல. ஒரு மயிரிழை."

"மயிரிழைன்னா யாரு மயிருன்னு சொல்லுங்க. உங்களுது மெல்லிசு, என்னுது தடிப்பு."

மெஷின் ஓடத் தொடங்கியது. அவள் கால் அவர் காலைவிட மெதுவானது. தையல் ஒரு நூல் அகலமாக விழுந்தது. கொஞ்ச தூரம் போனதும் கத்திரி எட்டிப் பார்த்தாள்.

"இங்கேருந்து வேற கைன்னு தெரியுது அண்ணி."

"தெரியட்டும்."

இலையின் நுனி வந்தது. நிறுத்தி, திருப்பி, மறுபடி நிறுத்தி, திருப்பி, மறுபக்கத்தில் இறங்கி, தொடங்கிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அந்த இலை முடிந்தது. மழை விட்டிருந்தது. அண்ணன் உள்ளறையில் சத்தமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்த இலையைக் கத்திரி ஊசிக்கு நேராகக் கொண்டுவந்து வைத்தபோது, அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எழுந்து போய் லைட்டைப் போட்டாள்.

மதியம் ஆகிவிட்டால் எதிர்வீட்டுச் சுவரின் நிழல் அந்த ஜன்னலில் விழுந்துவிடும். அதற்குப் பிறகு லைட் இல்லாமல் பார்த்தால் பச்சை நூலும் நீல நூலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.